காட்கசர்: புனேயில் சிக்கனமும் சேமிப்பும்

மராத்தியில் வழங்கும் 'காட்கசர்' என்ற சொல்லைத் தமிழில் சிக்கனம் என்று பெயர்த்துவிடலாம் என்றாலும், புனே நகரத்தின் பழைய குடியிருப்புகளில் அச்சொல் ஒரு குணத்தை மட்டுமன்றி, சம்பளம் வந்த நாள் முதல் அடுத்த சம்பளம் வரும் நாள்வரை ஒரு குடும்பம் தன்னை நடத்திக்கொள்ளும் முறை முழுவதையும் குறித்தது. புனேக்காரரின் கைச்சிக்கனத்தைக் கேலி செய்யும் துணுக்குகள் மகாராஷ்டிரத்தின் பிற ஊர்களில் இன்றும் செலாவணியில் உள்ளன. அந்தக் கேலிக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டியவை அதில் இரண்டு: மிச்சம் பிடித்த காசு வீட்டுக்குள்ளேயே தங்கியபோது பெரும்பாலும் கரைந்துபோயிற்று என்பதும், வீட்டுக்கு வெளியே வேறொரு கை அதை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டபோதுதான் அது சேமிப்பாக நிலைத்தது என்பதும் ஒன்று, மிச்சம் பிடிக்கும் வேலையை யார் உடம்பு செய்தது என்பது மற்றொன்று.

1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுக்கு வந்ததோடு புனே ஒரு அரசின் தலைநகர் என்ற தகுதியை இழந்தது. அரண்மனையையும் கோயிலையும் தானத்தையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல மாதச் சம்பளத்துக்கு மாறின. பண்டிதர்களுக்கு வழங்கப்பட்டுவந்த தட்சிணைப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு 1821இல் தொடங்கப்பட்ட இந்துக் கல்லூரியே பின்னாளில் டெக்கான் கல்லூரியாக வளர்ந்தது என்பதே இந்த மாற்றத்தின் சுருக்கம் எனலாம். தமிழில் பேட்டை என்று வழங்குவதை மராத்தியில் 'பேட்' என்பர். சதாசிவ பேட், நாராயண் பேட், சனிவார் பேட், கஸ்பா பேட் ஆகிய பேட்டைகளில், நடுமுற்றத்தைச் சுற்றி இரண்டு மூன்று அடுக்காக எழுந்த 'வாடா' எனப்படும் பெருவீடுகள் நாளடைவில் ஓர் அறை, இரண்டு அறை எனப் பிரிக்கப்பட்டு எழுத்தர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டன. காட்கசர் என்ற பழக்கம் தன் முழு வடிவத்தைப் பெற்றது இந்த வாடகை அறைகளில்தான்.

நகரத்துக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. புனே மாவட்டத்தின் சூபே என்னும் சந்தை ஊரில் 1875 மே மாதம் உழவர்கள் வட்டிக்கடைக்காரரின் வீடுகளுக்குள் புகுந்து கடன் பத்திரங்களைப் பறித்து எரித்தனர். டெக்கான் கலவரம் என்று வரலாற்றில் இடம்பெற்ற அந்நிகழ்ச்சியை அடுத்து 1879இல் உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. கடன் பெருகியதற்குத் திருமணச் செலவே காரணம் என்று அந்நாளைய அதிகாரிகள் பலர் எளிதாகச் சொல்லிவிட்டனர். நிலவரியின் சுமையும் பருத்தி விலையின் வீழ்ச்சியும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. ஆனாலும் சடங்குச் செலவு பொய்யான குற்றச்சாட்டு அல்ல. ஜோதிராவ் புலே 1873இல் புனேயில் நிறுவிய சத்தியசோதக சமாஜம், புரோகிதர் இல்லாத எளிய திருமணத்தைச் சாதி மறுப்பின் ஒரு வடிவமாக முன்வைத்தபோது, உழைக்கும் குடும்பம் ஒன்றின் மிகப் பெரிய ஒற்றைச் செலவைக் குறைப்பதும் அதன் விளைவாயிற்று. தமிழ்நாட்டுச் சுயமரியாதைத் திருமணத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே புனேயில் இந்த முயற்சி நடந்தது என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற்கொள்வது தகும்.

படித்த வகுப்பினரிடையே சிக்கனத்துக்கு ஒரு கொள்கைப் பெருமை வந்து சேர்ந்தது 1884இல் டெக்கான் கல்விக் கழகம் நிறுவப்பட்டபோது. அடுத்த ஆண்டில் பெர்குசன் கல்லூரியைத் தொடங்கிய அக்கழகத்தில் 'ஆயுள் உறுப்பினர்' என்ற ஒரு நிலை இருந்தது. அந்நிலையை ஏற்பவர், அரசு வேலையில் கிடைக்கக்கூடிய பெருஞ்சம்பளத்தைத் துறந்து, மாதம் 75 ரூபாய் ஊதியத்தில் இருபது ஆண்டுகள் கற்பிப்பதாக உறுதியளிக்க வேண்டும். திலகர், அகர்கர், கோகலே ஆகிய மூவரும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தவர்கள். தியாகமாகப் போற்றப்படும் இந்த ஏற்பாடு நடைமுறையில் ஒரு குடும்பக் கணக்காகவும் இருந்ததால், குழந்தைகள் பிறக்கப் பிறக்க அக்கணக்கு இடறத் தொடங்கியது. சம்பளத்தைச் சற்று உயர்த்தலாமா, ஓய்வு நேரத்தில் வெளியே எழுதியும் பணி செய்தும் ஈட்டலாமா என்ற கேள்விகள் உறுப்பினர்களிடையே எழுந்தபோது, துறவியரைப் போலக் கழகத்துக்கே முழுதும் உரியவராக இருக்க வேண்டும் என்று திலகர் வாதாட, குடும்பஸ்தரிடம் துறவியின் கணக்கைக் கேட்பது நியாயமா என்ற தயக்கம் மறுதரப்பில் இருந்தது. திலகர் 1890இல் கழகத்தைவிட்டு விலகியதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்தச் சம்பளச் சிக்கல் சிறிய காரணம் அன்று. அரசியல் வரலாறுகள் இதை இரு ஆளுமைகளின் மோதலாகவே எழுதிச் செல்கின்றன. பிள்ளைகளை வைத்திருக்கும் ஊதியக்காரர் எவரும் அதில் வேறொன்றையும் படிக்க முடியும்.

அகர்கர் பெருஞ்சம்பள வேலையை நாடமாட்டேன் என்று தம் தாய்க்கு எழுதிய கடிதம் மராத்திப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. 1895இல், நாற்பது வயது நிறையும் முன்பே அவர் இறந்தபோது, தம் ஈமச் செலவுக்கான காசை முன்னரே ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார் என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. யாருக்கும் கடன்படாத சாவு என்பது அத்தலைமுறையின் உச்ச இலட்சியமாக இருந்ததை இச்செய்தி காட்டுகிறது. அதே வேளையில், எஞ்சிய குடும்பத்துக்கு அப்பொட்டலத்தால் ஒரு வேளை அடுப்பும் எரிந்திராது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. கோகலேயின் கதையில் தியாகம் செய்தவர் வேறொருவர். தந்தை இறந்த பின் படிப்பை நிறுத்திவிட்டுப் பதினைந்து ரூபாய் வேலைக்குப் போன அண்ணன் கோவிந்தர், அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு மாதந்தோறும் அனுப்பினார். ஊதியத்தில் பாதிக்கு மேல், கைக்கு வந்தவுடனேயே, வீட்டைவிட்டு வெளியே போய்விட்ட இந்த எட்டு ரூபாயும் ஒருவகைச் சேமிப்புத்தான். மீதி ஏழு ரூபாயில் அண்ணனின் குடும்பம் எப்படி நடந்தது என்பதை வரலாறு விரித்துரைப்பதில்லை.

திலகர் விலகியதால் கணிதப் பாடத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது 1891இல் பெர்குசன் கல்லூரிக்கு வந்தவர் தோண்டோ கேசவ் கர்வே. கொங்கணக் கடற்கரையின் முருட் என்னும் ஊரில் வறுமையில் வளர்ந்து, மும்பையில் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த அவருக்கு, வருமானத்தின் ஒரு சிறு பங்கைக் கைக்கு வந்தவுடனேயே பொதுக் காரியத்துக்கென ஒதுக்கிவிடும் பழக்கம் இளமையிலேயே படிந்திருந்தது. செலவு போக எஞ்சுவதைக் கொடுப்பது என்பதற்கு மாறாக, கொடுத்தது போக எஞ்சுவதைச் செலவிடுவது என்ற இந்த வரிசை மாற்றமே அவருடைய பிற்கால நிறுவனங்கள் அனைத்துக்கும் அடித்தளம் ஆயிற்று. முதல் மனைவி இறந்த பின், 1893இல் அவர் பண்டித ரமாபாயின் சாரதா சதனத்தில் படித்த கைம்பெண்ணான கோதுபாயை மணந்தார். ஆனந்திபாய் என்று பெயர் மாற்றப்பட்ட அவரையும் கர்வேயையும் முருட் ஊரார் விலக்கி வைத்தனர். 1896இல் புனேயில் கர்வே தொடங்கிய கைம்பெண் இல்லம், 1900இல் நகருக்கு வெளியே ஹிங்கணே கிராமத்தில், கொடையாகக் கிடைத்த நிலத்தில் எழுப்பிய ஒரு குடிசைக்கு இடம்பெயர்ந்தது. கல்லூரி வகுப்புகளை முடித்துவிட்டு, சேறும் இருளுமான அவ்வழியில் கர்வே நாள்தோறும் நடந்தே சென்று வந்தார். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் இல்லத்துக்கே எழுதிக் கொடுத்தார்.

ஆயுள் காப்பீடு என்பது, குடும்பத் தலைவர் இறந்தால் எஞ்சுவோருக்குக் கிடைக்கும் தொகைக்காக ஆண்டுதோறும் கட்டும் பணம் என்பதால், சம்பளம் தவிர வேறு சொத்து இல்லாத ஒருவரிடம் அதுவே மனைவி மக்களின் ஒரே அரண். அந்த அரணை அவர் பிறருக்கு எழுதிக் கொடுத்ததைக் கர்வேயின் வாழ்க்கை வரலாறுகள் போற்றுகின்றன. ஆனந்திபாயின் தன்வரலாறான 'மாஜே புராண்' என்னும் நூலின் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறாகத் தெரியும். கணவரின் ஊதியம் பொதுக் காரியங்களுக்குப் போக, பிள்ளைகளை வளர்த்து, வீட்டை நடத்தி, இல்லத்தின் பணிகளையும் சுமந்தவர் அவர். புனேயின் புகழ்பெற்ற எளிய வாழ்க்கை, பெரும்பாலும், அந்த எளிமையைத் தாமாகத் தேர்ந்தெடுக்காத ஒருவரின் உழைப்பில் நின்றது. கர்வேயின் பெருமைக்கு இதனால் குறை வந்துவிடாது, ஆனால் இதைச் சொல்லாமல் விடுவது வரலாறாகாது. குடும்பத்தின் அளவே குடும்பக் கணக்கைத் தீர்மானிக்கிறது என்பதை வெளிப்படையாகப் பேசி, 1921இல் மும்பையில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கி, அதற்காகத் தம் பேராசிரியர் வேலையை இழந்தவர் இதே கர்வேயின் மூத்த மகன் ரகுநாத் என்பதும் இவ்விடத்தில் பொருத்தமானது.

வீட்டுச் சிக்கனத்தின் சுமையை ஒரு பேட்டையே பங்கிட்டுக்கொண்ட வழக்கமும் புனேயில் இருந்தது. ஏழை மாணவன் ஒருவன் வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு வீடுகளை ஏற்பாடு செய்துகொண்டு, ஒவ்வொரு கிழமையும் ஒரு வீட்டில் உண்பது 'வார்' எனப்பட்டது. சமைத்த உணவை வீடு வீடாகச் சென்று ஏற்பது 'மதுகரி' எனப்பட்டது, தேனீ பூவுக்குப் பூ சென்று சிறிது சிறிதாகத் தேன் சேர்ப்பதைப் போல என்பது அதன் பொருள். 1909இல் புனேயில் தொடங்கப்பட்ட அநாத வித்யார்த்தி கிருகம் என்னும் மாணவர் இல்லத்துப் பிள்ளைகள் மதுகரியைக் கொண்டே பசியாறினர். சாதி வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் இயங்கிய இந்த வழக்கத்தால் பயன்பெற்றவர்கள் யார், வாசலுக்கு வரவே முடியாதவர்கள் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. மதுகரியை விதந்து எழுதிய நினைவுக்குறிப்புகளில், கூடுதலாக ஓர் இலை போட்டவளின் கருத்து ஏனோ இடம்பெறுவதே இல்லை.

காசைப் பாதுகாக்கும் வெளிக்கை நிறுவன வடிவம் பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். 1882இல் இந்தியா முழுவதும் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், ஓர் ஊராரோ ஓர் அலுவலகத்தாரோ தமக்குள் சிறு தொகைகளைச் சேர்த்துத் தமக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ள வழி செய்தது. அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கமும் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின. புனேயில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி 1906இலும் ரூபாய் கூட்டுறவு வங்கி 1912இலும் தொடங்கப்பட்டன. பாங்க் ஆப் மகாராஷ்டிரா 1935இல் பதிவு பெற்று மறு ஆண்டு திறக்கப்பட்டது. புனேயில் காசைத் துளித்துளியாகத் திரட்டும் வேட்கை எந்த அளவு ஊறியிருந்தது என்பதற்குப் பைசா நிதியே சான்று: ஆளுக்கு ஒரு பைசா என்று ஊர் ஊராகத் தண்டிய பணத்தைக் கொண்டு, நகருக்கு அருகிலுள்ள தளேகாவில் 1908இல் கண்ணாடித் தொழிற்சாலை நிறுவப்பட்டது.

இவற்றில் சாதாரண ஊதியக்காரரின் வாழ்வை மிகுதியாக மாற்றியது பெரிய வங்கி அன்று; 'பத்பேடி' எனப்படும் சிறு கடன் சங்கமே. மராத்தியில் 'பத்' என்பது கடன் பெறுவதற்குரிய தகுதியையும் நம்பகத்தையும் குறிக்கும், 'பேடி' வணிகரின் கடை. தமிழில் காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் நாணயம் என்று வழங்குவதோடு இதை ஒப்பிடலாம். பள்ளி ஆசிரியர்களும் நகராட்சிப் பணியாளரும், விடுதலைக்குப் பின் கிர்க்கி, பிம்பிரி, ஆகுர்டி ஆகிய இடங்களில் எழுந்த ஆலைகளின் தொழிலாளரும் தத்தம் வேலையிடத்தில் பத்பேடிகளை அமைத்தனர். உறுப்பினரின் பங்குத்தொகையும் கடன் தவணையும் சம்பளப் பட்டியலிலேயே கழிக்கப்பட்டு, எஞ்சியதே கையில் வந்தது. 1952இன் வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் இதே முன்கழிவைச் சட்டக் கட்டாயமாக்கியது. மகளின் திருமணத்துக்கும் மகனின் பொறியியல் படிப்புக்கும் இக்குடும்பங்கள் பணம் கண்ட இடம் இதுதான். சிக்கனம் தனி மனிதரின் மனவுறுதியால் நிலைக்கிறது என்று அறிவுரைக்காரர்கள் சொல்வதைவிட, சம்பள எழுத்தரின் பேனாவால் நிலைத்தது என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

சம்பளப் பட்டியலில் பெயரில்லாத பெண்களுக்கு வேறு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது பொன். வியாழக்கிழமையும் பூச நட்சத்திரமும் கூடும் நாளை 'குருபுஷ்யம்' என்று கொண்டாடும் மராத்தியர், அந்நாளில் ஒரு 'குஞ்ஜ்' எடையேனும் பொன் வாங்குவதை மங்கலமாகக் கருதினர். குஞ்ஜ் என்பது குன்றிமணி. தமிழகத்துப் பத்தரும் பொன் நிறுக்கப் பயன்படுத்திய அதே செவ்விதைதான் புனேயின் லட்சுமி சாலைத் தட்டான் கடைகளிலும் அளவையாக இருந்தது. சுமார் எட்டில் ஒரு பங்கு கிராம் எடையுள்ள அவ்வளவு சிறிய பொன்னைத் தனி நகையாகச் செய்ய இயலாது என்பதால், வாங்கியவற்றைச் சேர்த்துவைத்துப் பல ஆண்டுகளுக்குப் பின் வளையலாகவோ சங்கிலியாகவோ உருக்குவர். எளிதில் உடைத்துச் செலவிட முடியாமையே அச்சேமிப்பின் வலிமை.

இரண்டாவது 'பிஷி'. பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதந்தோறும் ஒரே அளவு தொகையைப் போட்டு, திருவுளச்சீட்டு எடுத்து, பெயர் வந்தவருக்கு முழுத் தொகையையும் கொடுத்து, அனைவருக்கும் ஒருமுறை கிடைக்கும்வரை சுற்றிவருவதே பிஷி. தமிழகத்துக் குலுக்கல் சீட்டுக்கும் இதற்கும் பெயரில்தான் வேறுபாடு. வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. அடுத்த மாதம் பணம் கொண்டுவரத் தவறினால் முற்றத்தில் எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும் என்ற அச்சமே அதன் பிணை. கணவரின் கணக்கில் வராத, சமையல் செலவிலிருந்து பிடித்த காசு ஒரு தையல் இயந்திரமாகவோ அழுத்தச் சமையல்கலமாகவோ உருவெடுத்தது பெரும்பாலும் இவ்வழியில்தான். பிஷி கூடும் நாளில் சிற்றுண்டியும் பேச்சும் உண்டு என்பதால் இதை வெறும் பொழுதுபோக்காகக் கருதிய ஆடவர், தம் வீட்டில் அது எத்தனை முறை கடனைத் தடுத்தது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

வாடாக் குடும்பங்களின் சேமிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிக்கனத்தின் புகழ் பாடுவோர் அதை வசதியாக மறந்துவிடுவர். 1947இன் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகைகளை ஏறக்குறைய உறையவைத்துவிட்டதால், விலைவாசி பல மடங்கு ஏறிய பின்னும் பேட்டைகளில் குடியிருந்தவர் மாதம் சில ரூபாய்களே வாடகை கொடுத்தனர். ஊதியம் ஏறியது, வாடகை நின்றது, இடைவெளி சேமிப்பானது. பழுதுபார்க்க வருமானமில்லாத வீட்டுக்காரரின் கையில் வாடாக்கள் சிதைந்தன. தாத்தாவின் காட்கசர் என்று பேரப்பிள்ளைகள் நினைவுகூர்வதில் ஒரு பகுதி, உண்மையில், வீட்டுக்காரரின் இழப்பு.

1961 ஜூலை 12 அன்று, கட்டுமானம் முழுமையடையாத பான்ஷேத் அணை உடைந்து, அதன் வெள்ளம் கீழே இருந்த கடக்வாஸ்லா அணையையும் உடைத்துக்கொண்டு முட்டா ஆற்றின் வழியே நகருக்குள் பாய்ந்தபோது, ஆற்றங்கரைப் பேட்டைகள் மூழ்கின. அரிசிப் பானையிலும் மரப்பெட்டியிலும் வைத்த காசும் பாத்திரமும் சில மணி நேரத்தில் போயின. வீட்டுக்குள் வைத்த சேமிப்பு எத்தனை நொய்ம்மையானது என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் அந்நகருக்கு வாய்த்ததில்லை. வெள்ளத்தில் வீடிழந்தோருக்கென நகரின் விளிம்புகளில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. வாடாவிலிருந்து கூட்டுறவு வீட்டுச் சங்கத்துக்குப் புனே இடம்பெயர்ந்த கதையில் அவ்வெள்ளத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அக்காலத்துக்குள் பெண்கள் பெருமளவில் ஊதிய வேலைக்கு வரத் தொடங்கியிருந்தனர். 1909இல் ரமாபாய் ரானடே புனேயில் நிறுவிய சேவா சதன் ஏராளமான பெண்களை ஆசிரியராகவும் செவிலியாகவும் பயிற்றுவித்திருந்தது. அடுத்த தலைமுறையில் வங்கி, காப்பீட்டுக் கழகம், தொலைபேசி நிலையம் எனப் பணியிடங்கள் பெருகின. தாயும் தந்தையும் வேலைக்குப் போன வீட்டில் வருமானம் கூடியது உண்மை. ஆனால் ஊறுகாய் போடுவதும், பழம்புடவையைத் தைத்துப் போர்வையாக்குவதும், எஞ்சிய சோற்றை மறுநாள் தாளிப்பதுமாக அதுவரை பணச்செலவைத் தடுத்துவந்த கைக்கு நேரம் இல்லாமற்போயிற்று. அந்த நேரத்தை இனி விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அலுவலகம் விட்டு வரும் பெண்களுக்குச் சப்பாத்தியும் கறியும் விற்கும் 'போளி-பாஜி' மையங்கள் தெருத்தோறும் முளைத்தன (புனேயில் போளி என்றால் சப்பாத்தி, தமிழர் போளி என்று உண்ணும் இனிப்பு அங்கே புரண்போளி). அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தம் கூடத்திலேயே நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் 'பாளணாகர்', அதாவது தொட்டில் வீடு, இன்னொரு கண்டுபிடிப்பு. இவையும் போதாத இடத்தில், பாத்திரம் துலக்கித் துணி துவைக்க 'மோல்கரீண்' எனப்படும் வேலைக்காரப் பெண் வந்தார்.

1980இல் புனேயின் வீட்டு வேலைப் பெண்கள், எந்தச் சங்கமும் அழைக்காமலே, வேலை நிறுத்தத்தில் இறங்கினர். நோய்வாய்ப்பட்டால் விடுப்பு, ஊதிய உயர்வு, பண்டிகைக்கு ஒரு தொகை என்பன போன்ற எளிய கோரிக்கைகள்தாம். வேலை நிறுத்தத்தின் தொடர்ச்சியாகப் புனே நகர மோல்கரீண் சங்கம் உருவாயிற்று. மகாராஷ்டிர அரசு வீட்டு வேலையாட்களுக்கென நல வாரியச் சட்டம் இயற்றிய 2008 வரை அப்பெண்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. காட்கசரின் வரலாற்றில் இந்த வேலை நிறுத்தம் ஒரு திருப்பம் என்று கொள்வதற்கு இடமுண்டு. ஒரு வீட்டில் சம்பளம் வாங்கும் தாயின் சேமிப்பு, இன்னொரு வீட்டுத் தாய்க்குக் குறைவாகக் கொடுத்ததால் விளைந்த மிச்சம் என்பதை நகரம் அன்றுதான் உரக்கக் கேட்டது.

உழைப்பாளர் தரப்பில் சேமிப்பை அமைப்பாக்கிய முன்னோடி ஹமால் பஞ்சாயத்து. சந்தைகளில் மூட்டை சுமப்போரை 'ஹமால்' என்பர். அவர்களை 1950களில் ஒன்றுதிரட்டியவர் மருத்துவர் பாபா ஆடாவ். மூட்டைக்கு இத்தனை காசு என்று அன்றாடம் கிடைக்கும் கூலி அன்றாடமே கரைந்துவிடும் நிலையில், ஹமால்களின் போராட்டங்களின் பயனாக 1969இல் மகாராஷ்டிரத்தில் மாதாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் வந்தது. வணிகர் கூலியை ஒரு வாரியத்திடம் செலுத்த, அதன்மேல் விதிக்கப்படும் கூடுதல் தொகையிலிருந்து வைப்பு நிதியும் பணிக்கொடையும் உருவாகும் ஏற்பாடு அது. முதலாளி என்று ஒருவரைச் சுட்ட முடியாத கூலிக்காரருக்கும் சம்பளப் பட்டியல் ஒன்றைச் செய்துகொடுத்த சட்டம் என்று அதைச் சொல்லலாம். செலவுப் பக்கத்தையும் பஞ்சாயத்து விடவில்லை: 1974இல் 'கஷ்டாச்சி பாகர்', உழைப்பின் ரொட்டி என்ற பெயரில் ஒரு பொது அடுக்களை தொடங்கி, உழைப்பாளிக்குக் கட்டுப்படியாகும் விலையில் வயிறார உணவு வழங்கியது.

பேட்டைகளின் நம்பிக்கைக்குரிய வெளிக்கையும் எப்போதும் உறுதியாக இருந்துவிடவில்லை. நூறு ஆண்டைக் கடந்த ரூபாய் கூட்டுறவு வங்கி மீது 2013இல் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகள் விதித்தபோது வைப்பாளர் தம் பணத்தில் மிகச் சிறு பகுதியையே எடுக்க முடிந்தது; 2022இல் அதன் உரிமமும் இரத்தானது. வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு ஈடு தரும் வைப்புக் காப்பீடு, கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960இல் வீழ்ந்ததையடுத்து 1962இல் 1,500 ரூபாய் வரம்போடு தொடங்கியது. 1993இல் அவ்வரம்பு ஒரு லட்சமாகவும் 2020இல் ஐந்து லட்சமாகவும் உயர்த்தப்பட்டது. உரிமம் இரத்தானபோது ரூபாய் வங்கியின் வைப்பாளருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டோர் முழுத்தொகைக்கு உரியவர் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. எஞ்சிய சிறுபான்மையினரே, ஐந்து லட்சத்துக்கு மேல் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தவர்கள் என்பதால், முழு ஈடு பெறாதவர்களாக விடப்பட்டனர்.

கர்வே 1916இல் புனேயில் தொடங்கிய மகளிர் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் மும்பைக்குப் பெயர்ந்து எஸ்.என்.டி.டி. என்ற பெயரில் வளர்ந்தபோதும், அதன் ஒரு கிளை புனேயிலேயே இருந்தது. 1990 வாக்கில் அக்கிளையின் முதியோர் கல்வித் துறையினர், நகரின் குப்பைமேடுகளில் தாளும் கண்ணாடியும் தகரமும் பொறுக்கும் பெண்களோடும் அவர்களுடைய பிள்ளைகளோடும் பணியாற்றத் தொடங்கினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று சொல்லப் போனவர்களுக்குக் கிடைத்த பாடம், குப்பைமேட்டில் நாளெல்லாம் அலைந்தால்தான் ஒரு நாள் வயிறு நிரம்பும் என்னும்போது மகளின் கையும் தேவைப்படுகிறது என்பது. வீடுகளிலேயே தரம் பிரித்த உலர்குப்பை நேரே கைக்கு வந்தால், அலைச்சல் குறையும், விலையும் கூடும் என்று கண்டுகொண்டு, பாபா ஆடாவின் துணையோடு 1993இல் அவர்கள் அமைத்த சங்கம் 'காகத் காச் பத்ரா கஷ்டகாரி பஞ்சாயத்து' எனப்பட்டது. காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து என்பது பொருள். நகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை வந்தது. வட்டிக்கடைக்கும் பழைய இரும்புக்கடைக்காரரின் முன்பணத்துக்கும் மாற்றாகச் சங்கம் தன் உறுப்பினருக்கெனச் சேமிப்பு, கடன் கூட்டுறவு ஒன்றை ஏற்படுத்தியது.

2008இல் இப்பெண்களின் கூட்டுறவான 'ஸ்வச்' புனே மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வீடு வீடாகச் சென்று குப்பை சேகரிக்கும் பொறுப்பை ஏற்றது. அதுவரை இரும்பும் தாளும் விலை இறங்கினால் இறங்கி, ஏறினால் ஏறிய அவர்களுடைய வருமானத்தில், வீட்டுக்கு இத்தனை ரூபாய் என்று மாதந்தோறும் வாசலில் தண்டப்படும் கட்டணம் ஒரு நிலையான பகுதியாயிற்று. முன்கூட்டியே பிடித்து வைக்கக்கூடிய தொகை ஒன்று அவ்வருமானத்தில் முதன்முறையாகத் தோன்றியது. அந்தக் கட்டணத்தைக் கொடுக்கப் பேரம் பேசும் வாசல்களில் சதாசிவ பேட்டின் வாசல்களும் உண்டு.